நெல் அவிக்கிற அண்டாவில் மாப்பிள்ளைக் கோட்டு

அழுக்கை எடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் போய் அழுக்கைக் காட்ட வெட்கப்படுகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் உண்டு. முடிவெட்டப் போகுமுன் கண்ணாடி பார்த்துத் தலைசீவிக்கொண்டு போவார்கள். வீடு கூட்ட ஆள் வருமுன்பே வீட்டைக் கூட்டி வைத்துவிட்டு, வந்தவளிடம் 'இரு, காப்பி குடிச்சிட்டுப் போ' என்பார்கள். இந்தக் கூட்டத்துக்குச் சங்கம் வைத்தால் என்னைத்தான் தலைவியாகப் போட வேண்டும். (மேடை ஏறிப் பேசச் சொன்னால் மட்டும் அன்றைக்கே ராஜினாமா.)

இந்தக் குணத்தால் ஒரு கல்யாணமே கவிழப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் பக்கமெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். தமிழ்நாட்டோடு சேரவில்லை. நான் பூதப்பாண்டிக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்குமேல் படிக்க வேண்டுமானால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நானே நின்றுகொண்டேன். அவ்வளவு கூச்சம். என்னை இரணியல் பக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கோவிலில் போதகர் 'சம்மதமா' என்று கேட்டபோது நான் சொன்ன பதில் எனக்கே கேட்கவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். கடைசியில் பின் பெஞ்சிலிருந்து என் அண்ணன்தான், "சம்மதந்தான், மேல நடத்துங்க" என்று சத்தம் போட்டான். சட்டப்படி பார்த்தால் என் வீட்டுக்காரருக்குக் கழுத்தை நீட்டியது என் அண்ணன்தான்.

புகுந்த வீட்டில் மாமியார், என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி ஞானமுத்து என்று மூன்று பேர். மாமியாரை நான் மாமி என்பேன். மாமிக்கு என்மேல் கோபம் கிடையாது, சந்தேகம்தான். "பாக்கியம், உனக்க வாய்க்குள்ள நாக்கு உண்டுமா, இல்ல பொறந்த வீட்டுலயே வச்சிட்டு வந்தியா?" என்று கேட்பார்கள். அதற்கும் நான் பதில் சொல்ல மாட்டேன். சந்தேகம் இன்னும் கூடும்.

எனக்கென்று ஒரே ஒரு பெருமைதான் இருந்தது. துணி துவைப்பேன். பழையாற்றங்கரைக் கல்லில் அடித்துப் பழகிய கை. என் கையில் சிக்கிய வேட்டி, தப்பித்தால் போதும் என்று வெளுத்துவிடும்.

இனி கோட்டுக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு கோட்டு இருந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது எங்கள் உபதேசியாருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. சந்தன நிறம், நல்ல கம்பிளித் துணி, உள்ளே நீலப் பட்டு வைத்துத் தைத்தது. போதகர் வராத நாளில் ஜெபம் நடத்துகிறவர் உபதேசியார். அவர் அந்தக் கோட்டைத் தகரப் பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தார். சபையில் எவனுக்குக் கல்யாணம் என்றாலும் கோட்டு புறப்பட்டு வரும். கல்யாணம் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பும். எங்கள் ஊரில் எந்த வீட்டுச் சுவரைப் பார்த்தாலும் அந்த ஒரே கோட்டுதான் கல்யாணப் போட்டோவில் தெரியும். உள்ளே இருக்கிற முகம்தான் வேறு வேறு.

வெள்ளைக்காரர் ஆகிருதியான ஆள். நம்முடைய பையன்களோ தெரிந்ததுதானே. என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டுக்குள் நின்றது, கோணிச் சாக்குக்குள் நிறுத்திய அகப்பை மாதிரி இருக்கும். மின்னு என்கிற தாலியைக் கட்டக் கை வெளியே வர வேண்டுமே என்று இரண்டு பேர் சட்டைக் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். (அதனால்தான் எங்கள் போட்டோவில் மூன்று மாப்பிள்ளை நிற்கிற மாதிரித் தெரியும்.)

ஆனால் கொழுந்தன் ஞானமுத்து அப்படியில்லை. ஆள் நெடுநெடுவென்று உயரம், அதற்கேற்ற அகலம். உபதேசியார் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கண் கலங்குவார். "இத்தன வருஷத்துக்குப் பெறகு எனக்க கோட்டுக்கு ஒரு ஆளு கெடச்சிருக்கான்" என்பார். ஞானமுத்துவின் கல்யாணத்தை தன் வீட்டுக் கல்யாணமாகவே எதிர்பார்த்தார்.

பெண் நாகர்கோவிலில் பள்ளிக்கூட டீச்சர். பெயர் ஜெயமணி. அந்தப் பெண் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று ஊரில் பேச்சு. பெண்வீட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு வர வேண்டும். டீச்சரோடு வேலை பார்க்கிறவர்களெல்லாம் வருவார்களாம். மாமி, "கோட்டுதானே, உண்டு" என்று தலையை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கோட்டு வீட்டுக்கு வந்தது. விரித்துப் பார்த்தால், ஐயோ! கழுத்துப்பட்டையில் ஊர் மாப்பிள்ளைகளின் எண்ணெய் அத்தனையும் ஏறி, தோசைக்கல் மாதிரிப் பளபளத்தது. முன்பக்கம் பாயசம், நெய், இன்னதென்று தெரியாத மஞ்சள். கக்கத்தைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு நாகர்கோவிலில் எண்ணெய் ஆலையில் கணக்கெழுதுகிற வேலை. அவர்தான் சொன்னார். "மணிமேடைப் பக்கத்துல ஒரு கடை தொறந்திருக்கு. பெட்ரோல் வாஷ். கம்பிளி, பட்டு எல்லாம் பெட்ரோல்ல முக்கி எடுத்துக் குடுப்பான். நாளைக் கழிச்சுக் கொண்டு போலாம். நீ கோட்டை ஒருக்கி வையி."

மாமி என்னைப் பார்த்து, "இந்த ஒரு காரியத்தயாவது நேரா செய்வியா, பிள்ளே?" என்றார்கள்.

நான் தலையாட்டினேன். ஒருக்குவது, அதாவது தயார் செய்வது, எப்படி என்று அவர் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னது இவ்வளவுதான். பையில் இருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். தூசியைத் தட்ட வேண்டும். கறை இருக்கிற இடத்தில் எல்லாம் நூலால் ஒரு தையல் போட்டு அடையாளம் வைக்க வேண்டும். கடைக்காரர் அதைப் பார்த்து, இது நெய், இது பாயசம் என்று கேட்டுக்கேட்டு மருந்து வைப்பாராம்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போனார். மாமியும் கொழுந்தனும் கல்யாணப் பட்டு எடுக்கக் கோட்டாற்றுக்குப் போனார்கள். நானும் கோட்டும் மட்டும் வீட்டில்.

கைக்குக் கிடைத்தது சிவப்பு நூல். உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தேன். கழுத்தில் ஒன்று. மார்பில் இரண்டு. கைமுனையில் ஒன்று. தைக்கத் தைக்கக் கறை வந்துகொண்டே இருந்தது. முடித்துவிட்டு விரித்துப் பார்த்தால், கோட்டு முழுக்கச் சிவப்புப் புள்ளி. அம்மை போட்ட பிள்ளை மாதிரி.

அப்போதுதான் எனக்குப் பதற்றம் கூடி வெப்ராளம் பிடித்தது. இதை ஒரு அந்நிய ஆம்பிளையிடம் கொண்டுபோய் நீட்டுவதா? அதுவும் 'இதோ பாரும், இங்கே அழுக்கு, இங்கேயும் அழுக்கு' என்று அடையாளம் வைத்தா? அந்த ஆள் என்ன நினைப்பான்? 'அந்த வீட்டு மருமகளுக்குத் துணி துவைக்கக்கூடத் தெரியாது' என்று மணிமேடை முழுக்கச் சொல்ல மாட்டானா?

சும்மா மேலாக ஒரு அலசு அலசி, பார்க்கும்படியாக ஆக்கிக் கொடுத்துவிட்டால் என்ன? பெட்ரோலில் முக்குவதை அவன் முக்கிக்கொள்ளட்டும்.

இந்த யோசனை வந்த அந்த நிமிஷத்தில் யாராவது வந்து என் கையைப் பிடித்திருக்கலாம். யாரும் வரவில்லை.

மேலாக அலசினால் கழுத்து எண்ணெய் போகவில்லை. கொஞ்சம் சவுக்காரம் போட்டேன். அதற்கும் அசையவில்லை. கோபம் வந்துவிட்டது. என்னிடம் ஒரு துணி எதிர்த்து நிற்பதா? நெல் அவிக்கிற அண்டாவை அடுப்பில் ஏற்றி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சலவைச் சோடாவைப் போட்டு, கோட்டை உள்ளே இறக்கி, மூங்கில் கம்பால் கிண்டினேன். கிண்டினேன் என்றால் அல்வா கிண்டுகிற மாதிரி. பிறகு குளத்துக்குக் கொண்டுபோய்க் கல்லில் நாலு அடி. (நாலு இல்லை. எண்ணவில்லை.)

எண்ணெய் போய்விட்டது! எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னொன்றும் செய்தேன். முந்தின ராத்திரி வடித்த கஞ்சி இருந்தது. நல்ல கெட்டிக் கஞ்சி. கல்யாணக் கோட்டு விறைப்பாக நிற்க வேண்டாமா? முக்கிப் பிழிந்து, இரண்டு தென்னைக்கு நடுவில் கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டு, ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே சமைக்கப் போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தபோது, கோட்டு கொஞ்சம் மேலே ஏறியிருப்பதுபோல் இருந்தது. கொடி தளர்ந்திருக்கும் என்று கொடியை இறக்கிக் கட்டினேன். இன்னும் கொஞ்சம் கழித்து வந்தால் இன்னும் மேலே. நல்ல சித்திரை வெயில். கோட்டு என் கண்முன்னாலேயே குழந்தையாகிக்கொண்டிருந்தது. உள்ளே தைத்திருந்த நீலப் பட்டுக்குச் சுருங்கத் தெரியவில்லை. அது மட்டும் பாவாடை மாதிரிக் கீழே தொங்கியது. சிவப்பு நூலை எடுக்க மறந்திருந்தேன். நூல் சாயம் விட்டு, தையல் போட்ட ஒவ்வொரு இடத்திலும் ஒரு ரோஜாப்பூ மலர்ந்திருந்தது. கறை இருந்த இடம் தெரியவில்லை. அடையாளம்தான் கறையாகியிருந்தது.

சாயங்காலம் மாமி வந்தார்கள். நேரே பின்பக்கம் போனவர்கள் கொடியைப் பார்த்துவிட்டு நின்றார்கள். முகம் அப்படியே மலர்ந்தது.

"ஏட்டி பாக்கியம்! எங்கிட்டச் சொல்லக்கூடாதா? உடுப்பெல்லாம் தச்சு வச்சிருக்கியே, எத்தன மாசம்?"

பூப்போட்ட குட்டிக் கோட்டு, கீழே நீலப் பாவாடை. பெண்குழந்தைக்கு என்று நினைத்துவிட்டார்கள். ஓடிவந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். மாமி என்னை அப்படித் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் வாயைத் திறக்காமல், கொடியில் தொங்குகிற கோட்டின் பொத்தானை விரலால் காட்டினேன். வெள்ளைக்காரர் கோட்டுக்கு இருந்த அதே பெரிய கொம்புப் பொத்தான். பொத்தான் மட்டும் சுருங்கவில்லை.

மாமி பொத்தானைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். கன்னத்தைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"இது... உபதேசியாருக்க கோட்டா?"

தலையாட்டினேன்.

மாமி அப்படியே ஆட்டுரலில் உட்கார்ந்துவிட்டார்கள். ஞானமுத்து வந்து கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஒரு கை முழங்கை வரைக்கும் போய், அதற்குமேல் போகாமலும் வராமலும் மாட்டிக்கொண்டது. அவருடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், வந்து இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த அழுகைக்குச் சத்தம்கூட வரவில்லை. பெண்வீட்டில் மாமி தலை நிமிர்ந்து சொன்ன வார்த்தை என் கையால் அண்டாவில் வெந்துவிட்டது.

"நீயும் கூடப் போ" என்றார்கள் மாமி. "என்ன செய்தேன்னு நீயே அந்த ஆளுட்டச் சொல்லு. எங்களுக்குச் சொல்லத் தெரியாது."

மறுநாள் என் வீட்டுக்காரர், கொழுந்தன், நான் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பெட்ரோல் வாஷ் கடைக்காரரைச் சுற்றுவட்டாரத்தில் ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். திருவட்டாற்றுக்காரர். மலையாளம் கலந்த இழுவைப் பேச்சு, உரக்கப் பேசுகிற ஆள். தன் கடை வாசலில் பீடி பற்ற வைத்த ஒருவரைப் பக்கத்துத் தெரு வரைக்கும் விரட்டிவிட்டு அப்போதுதான் மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தார்.

என் வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்துக் கோட்டை மேசைமேல் வைத்தார். கஞ்சியின் மகிமை, கோட்டு தானாகவே நின்றது.

ஆசான் கோட்டைப் பார்த்தார். கோட்டும் அவரைப் பார்த்தது. விரலை மடக்கி அதன் நெஞ்சில் தட்டினார். 'டொக்' என்றது.

"மக்கா, கெடக்கிற கோட்டு கண்டிருக்கேன், தொங்குகிற கோட்டு கண்டிருக்கேன். நிக்கிற கோட்டு இன்னைக்குத்தான் காணுகேன்" என்றார். பிறகு உள்பைக்குள் கையை விட்டார். (உள்பை என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.) கையை எடுத்தபோது கறுப்பாக ஒரு களி ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். "முந்திரிக்கொத்துப் பலகாரம்! எவனோ மாப்பிள்ளை பசி தாங்காம ஒளிச்சு வச்சிருக்கான். அதயும் சேத்து வேவிச்சாச்சு. கொள்ளாம், நல்ல சமையல். இது ஆருக்க வேலயாக்கும்?"

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். ஞானமுத்து தெருவைப் பார்த்தார். வெளுக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்க வந்திருந்த நாலைந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்நிய ஆம்பிளையிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன். "நான்தான். அழுக்காக் கொண்டுவர வெக்கமா இருந்துது. அதான் துவைச்சுக் கொண்டுவந்தேன்."

ஆசான் என்னையே பார்த்தார். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெஞ்சுவலியோ என்று பயந்துபோனேன். சிரிப்பு. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நின்றிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"எனக்க பிள்ளே! எல்லாரும் துவைச்சுக் கொண்டுவந்தா நான் என்னத்த தின்னுகது?" என்றார். "கேட்டியா, பெட்ரோல்னு எதுக்கு வச்சிருக்கேன்? அதுல முக்குனா நூலுக்கே தெரியாது நனைஞ்சோம்னு. எண்ணெயையும் பிசுக்கையும் மட்டும் கூப்பிட்டுக்கிட்டு வெளிய வந்திரும். காத்துல போட்டா அதும் பறந்து போவும். தண்ணி அப்படியில்ல. கம்பிளி தண்ணியக் குடிச்சு வீங்கும். அதுல நீ சூடும் காட்டி அடிக்கவும் செய்தா, மயிரு மயிரா ஒண்ணை ஒண்ணு கெட்டிப் பிடிச்சுக்கிடும். பெறகு உங்க போதகர் வந்தாலும் பிரிச்சு வைக்க முடியாது."

"நூல் அடையாளம் வைக்கச் சொன்னீரே" என்றார் என் வீட்டுக்காரர், என் பக்கம் ஒரு வார்த்தை பேசுகிற எண்ணத்தில்.

"வைக்கச் சொன்னேன். நெய்க்கறைய நான் கண்டுபிடிப்பேன். பாயசமும் இளநீரும் காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. இஸ்திரி சூடு பட்ட உடனே பழுப்பா எந்திச்சு வந்து பல்லக் காட்டும். அதான் முன்னாலயே சொல்லணும். ஆனா வெள்ள நூலுல்லா வைக்கணும்! சிவப்பு நூல வச்சு ஆராவது அவிப்பாளுவளா?"

"நீரு நெறத்தச் சொல்லல்லியே."

"அவிப்பாவன்னு எனக்குத் தெரியல்லியே!"

கடையில் மறுபடியும் சிரிப்பு. எனக்கே உதடு கோணியது. தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கல்யாணம், வேறு கோட்டு கிடையாது என்றதும் ஆசான் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். "இனி ஒரே வழிதான். கஞ்சிய எடுக்கணும்னா தண்ணியிலதான் போடணும். பெட்ரோல் கடைக்கு வந்து தண்ணியில குளிக்கப் போற மொத கோட்டு இதாக்கும்." இளஞ்சூட்டுத் தண்ணீரில் எதையோ கலந்து ஊறப்போட்டு, பொத்தான்களைக் கழற்றி ஒரு காகிதப் பொட்டலத்தில் என்னிடம் கொடுத்தார். பிறகு ஈரக் கோட்டின் ஒரு பக்கத்தை அண்ணனிடமும் மறுபக்கத்தைத் தம்பியிடமும் கொடுத்தார்.

"இழு மக்கா! இனயத்துக் கடப்புறத்துல கரைமடி வலை இழுப்பாவ இல்லியா, அந்த மாதிரி. ஏலேலோ!"

இரண்டு பேரும் இழுத்தார்கள். ஆசான் நடுவில் நின்று, "கை! கை! இனி முதுகு! மெதுவா, கிழிச்சிராத!" என்று கூவினார். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஒருவர் உள்ளே வந்து தானும் ஒரு கை பிடித்தார். இழுத்த அளவில் பலகையில் ஆணி அடித்து நிறுத்தி, இரண்டு நாள் வைத்து, அதன்பிறகு பெட்ரோலில் முக்கி, ஆவி பிடித்து இஸ்திரி போட்டுக் கொடுத்தார்.

போனது பாதி திரும்பி வந்தது. கோட்டு இப்போது ஞானமுத்துவுக்கு இடுப்பு வரைக்கும் வந்தது. கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கீழே தொங்கிய நீலப் பட்டுத் துணியை ஆசான் வெட்டித் தைத்துவிட்டார். ரோஜாப்பூக்கள் வெளிறின, போகவில்லை. "எண்ணெய்னா எனக்க பொறுப்பு. சாயம் ஏறிட்டுன்னா சுசீந்திரத்துச் சாமிக்க பொறுப்பு" என்று கையை விரித்தார்.

பொத்தான் தைக்கிற வேலையாவது ஒழுங்காகச் செய்து பாவத்தைக் கழுவலாம் என்று நினைத்தேன். சாதாரண நூலை நம்பவில்லை. மீன்காரியிடம் சொல்லி, வலை முடிகிற கயிற்றில் ஒரு முழம் வாங்கி, ஊசியில் கோத்து, பொத்தானை இறுக்கித் தைத்தேன். உலகம் அழிந்தாலும் அந்தப் பொத்தான் விழாது.

கல்யாணக் காலையில் என் வீட்டுக்காரர் முன்னால் நின்று இழுக்க, மாமி பின்னால் நின்று தள்ள, கோட்டு ஏறியது. பொத்தானும் பூட்டியாயிற்று. ஞானமுத்துவின் முகம் சிவந்துவிட்டது.

"மைனி, மூச்சு விடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆராதனை முடியட்டும்" என்றார் என் வீட்டுக்காரர்.

கோவிலில் நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். முன் பெஞ்சில் உபதேசியார். அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை. தன் கோட்டு அதற்கேற்ற ஆள்மேல் ஏறி வருவதைப் பார்க்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில் விறைத்து நிற்க, வயல் பொம்மை மாதிரி ஞானமுத்து நடந்து வந்தார். உபதேசியாரின் வாய் திறந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். வாய் மூடவே இல்லை.

பெண் வந்து பக்கத்தில் நின்றது. நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தது. உடனே குனிந்துகொண்டது. பின் பெஞ்சுகளில் டீச்சர்மார் ஒரு கூட்டம். போதகர் கேட்க வேண்டியதைக் கேட்டார். மாப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கும்படியாகப் பதில் சொல்ல வேண்டும். (என் கல்யாணத்துக்குப் பிறகு போதகர் இதில் கண்டிப்பாகிவிட்டார்.) காலையிலிருந்து மூச்சையே பிடித்து வைத்திருந்த மனுஷன், சொல்வதற்காக நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

'டர்ர்ர்.'

பொத்தான் அசையவில்லை. முதுகுதான் பிரிந்தது. கழுத்திலிருந்து அடிவரைக்கும் ஒரே நேர்கோடு. உள்ளே நீலப் பட்டும் சேர்ந்து பிளந்து, இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரிந்தது.

"சம்மதம்!" என்றார் ஞானமுத்து. இனி மூச்சுக்குத் தடையில்லையே, குரல் கோவில் கூரையில் போய் இடித்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச் சிரிப்பில்லை, அடக்கி அடக்கி முடியாமல் பீறிட்டு வருகிற சிரிப்பு. கண்ணைத் திறந்தால் சிரித்தது ஜெயமணி. சிரிக்கவே சிரிக்காது என்று பெயரெடுத்த டீச்சர், முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழியச் சிரித்தாள். அவளைப் பார்த்து டீச்சர்மார். அவர்களைப் பார்த்து ஊர். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் ஆடியது.

உபதேசியார் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து முன்னால் வந்து, கிழிந்த முதுகைத் தடவிப் பார்த்தார். கோவில் மறுபடி அடங்கியது. நான் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன்.

"நடத்துங்க, போதகரே" என்றார் அவர். "இனி எனக்கு நிம்மதி."

ஆராதனை முடிந்து வாசலில் வைத்து அவர் கொட்டித் தீர்த்தார். "ஒரு கோட்ட வச்சிக்கிட்டு நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும். குடுத்தா அழுக்காக்குதான். குடுக்கலன்னா பகையாக்குதான். ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம்னா எனக்க வீட்டு முன்னால அடிபிடி. ஞானமுத்துக்குப் போட்டு ஒரு தடவ கண்ணு குளிரப் பாத்துட்டா போதும்னு இருந்தேன். பாத்தாச்சு. அதும் சிறகு மொளச்சில்லா பாத்தேன்! இனி எவன் வந்து கேட்டாலும், கோட்டு பறந்து போச்சுன்னு சொல்லுவேன்." சொல்லிவிட்டு அதன்பிறகுதான் அவரும் சிரித்தார். நிறுத்தத்தான் நேரமாயிற்று.

அன்று மத்தியானம் பந்தி முடிந்ததும் புதுப்பெண் என்னைத் தேடிக்கொண்டு அடுக்களைக்கே வந்துவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால்.

"அக்கா, வெளிய வாங்க. நீங்கதானே அவிச்சது?"

தலையாட்டினேன்.

"இத்தன பெரிய ஆளு, வெள்ளக்காரன் கோட்டுல வந்து நின்னா எப்படி நிமிந்து பாக்கப்போறேன்னு ராத்திரி பூரா உறக்கமில்ல, அக்கா. முதுகு பிரிஞ்ச உடனே பயமும் பிரிஞ்சு போச்சு." என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். "தண்ணி எவ்வளவு கொதிக்க வச்சிய? முழுசும் சொல்லுங்க."

சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமி, "நாக்கு உண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் சபை மாப்பிள்ளைகள் அவரவர் சட்டையில் கல்யாணம் செய்துகொண்டார்கள். எங்கள் வீட்டில் 'கோட்டு அவிக்கிறது' என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. பரீட்சைக்கு முந்தின நாள் பேனாவைப் பிரித்துக் கழுவுகிற பேரனைப் பார்த்து, "கோட்டு அவிக்கிறியா?" என்பார்கள். சம்பந்தக்காரர்கள் வருகிறார்கள் என்று வெள்ளையடித்த சுவருக்கே மறுபடி வெள்ளையடித்தாலும் அதே பேச்சுத்தான். இந்தக் கதை தெரியாமல் எங்கள் வீட்டில் யாரும் பெண்ணெடுக்கவோ பெண்கொடுக்கவோ முடியாது. முதல் பலகாரத் தட்டோடு சொல்லிவிடுவார்கள்.

போன வருஷம் எனக்குக் கண்ணில் புரை விழுந்து, ஜெயமணிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவரில் எழுத்துப் பலகை ஒன்று மாட்டி, ஒவ்வொருவராக உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பெரிய வரிசை. வெளிச்சம் தெரிந்தது, பலகை தெரியவில்லை. படித்த பெண்பிள்ளை டாக்டர், அவள் முன்னால் போய்த் தெரியவில்லை என்று சொன்னால் என்ன நினைப்பாள்? முன்னால் போனவர்கள் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்ததும் மேலிருந்து கீழே கடைசி எழுத்து வரைக்கும் தடங்கலில்லாமல் ஒப்பித்தேன்.

டாக்டர் அசந்துபோனாள். "பாட்டி, உங்களுக்கு என்னைவிட நல்லாத் தெரியுதே! ஆப்பரேஷன் எதுக்கு?"

ஜெயமணி எழுந்து போய் டாக்டரின் காதில் ஏதோ சொன்னாள். 'கோட்டு' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. டாக்டர் எழுந்து போய் வந்தாள். பிறகு, "பாட்டி, இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.

அதற்கென்ன என்று நிமிர்ந்து உட்கார்ந்து, மறுபடியும் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தேன்.

பலகையைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார்களாம்.